எல்லைக் கோட்டுக்குப் பிறகும் நட

தினேஷ், உன் ஷூவைத் துவைத்து மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். அடிக்கிற வெயிலுக்கு மதியத்துக்குள் காய்ந்துவிடும். நீ காலை ஷிப்ட்டுக்குப் போய்விட்டாய். உன் நைனா அத்திப்பட்டுக்கு வேலைக்கு ரயிலேறிவிட்டார். எனக்கு இன்று வார விடுமுறை. இதை நேரில் சொல்லலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தேன். சொல்லத் தொடங்கியதுமே என் குரல் நடுங்குகிறது. நீயும் "மா, மறுபடியும் ஆரம்பிக்காதம்மா" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு டிவி பக்கம் போய்விடுகிறாய். எழுதும்போது குரல் நடுங்காது, அதனால் எழுதுகிறேன். புதன்கிழமை மணவாள நகரில் உன் சித்தி வீட்டுக்குப் போய்விடுவாய். வியாழன் காலை திருவள்ளூர் மைதானத்தில் உனக்குப் போலீஸ் உடல்தகுதித் தேர்வு. ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் ஓட வேண்டும். ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பயமாக இருக்கிறது. நீ தோற்றுவிடுவாயோ என்று எனக்குக் கவலை இல்லை. தோற்றால் அடுத்த வருடம் ஓடலாம். ஓடி முடித்த பிறகு வருகிற அந்த ஒரு நிமிடம்தான் என் பயம்.

இரண்டு வாரத்துக்கு முந்தைய அந்த ஞாயிற்றுக்கிழமையை நீ பார்க்கவில்லை. நீ அதற்குள் இருந்தாய். பார்த்தவள் நான். பகல் முழுவதும் ரோலிங் மில்லில் உலைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, வீட்டுக்குக்கூட வராமல் பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய்விட்டாய். தேர்வில் வைப்பது போலவே ஓடிப் பார்க்கப் போகிறோம் என்று பசங்கள் எல்லோரும் சொல்லியிருந்தீர்கள். நானும் உன் நைனாவும் எலுமிச்சைச் சாறு கரைத்து எடுத்துக்கொண்டு வந்தோம். சுண்ணாம்பால் போட்ட கோட்டை நீதான் முதலில் தாண்டினாய். தாண்டிய இடத்திலேயே நட்டுவைத்த கம்பம் மாதிரி நின்று, போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த உன் சிநேகிதன் சரவணன் பக்கம் திரும்பி, "டைம் இன்னாடா?" என்று கேட்டாய். அவன் வாயைத் திறப்பதற்குள் உன் முகத்தில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்துபோனது. உதடு சாம்பல் நிறமானது. முழங்கால் மடங்கியது.

உன் நைனா பாய்ந்துபோய் உன் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினார். "டேய், அந்தப் பக்கம் புட்றா, புள்ள உழுந்துட்டான்டா, தூக்கி நிறுத்து" என்று கத்தினார். அவரும் இன்னொரு பையனுமாக உன்னைக் கோல் கம்பத்தில் சாய்த்து நிற்க வைத்தார்கள். உன் தலை மார்பின்மேல் தொங்கியது. கை வெட்டி வெட்டி இழுத்தது. "ஃபிட்ஸுடா, இரும்பு குடுங்கடா" என்று யாரோ கூவ, ஒருவன் பைக் சாவிக்கொத்தை உன் உள்ளங்கையில் திணித்தான். நான் கையிலிருந்த பாட்டிலைப் போட்டுவிட்டு ஓடி வந்தேன். "கீழ படுக்க வைங்க, கால மேல தூக்குங்க" என்று நான் கத்தியபோது உன் நைனா என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடக் குடித்தனத்தில் அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. "இன்னாடி பேசற? பொணத்தப் போடற மாதிரி எம்புள்ளய நீட்டிப் போடச் சொல்றியா?" என்றார்.

நம் பக்கத்தில் மயங்கி விழுந்த ஆளை யாரும் மல்லாக்கக் கிடத்துவதில்லை. நாற்காலியில் உட்கார வைப்பார்கள், சுவரில் சாய்ப்பார்கள், இரண்டு பேர் தோளில் தொங்கப் போட்டு நிற்க வைப்பார்கள். கால் நீட்டித் தரையில் கிடத்துவது இன்னொரு காரியத்துக்கு உரியது. அதைச் செய்துவிட்டால் நாமே முடிவு கட்டிவிட்டது போல மனசு பதறுகிறது. நானும் அந்தப் பதற்றத்தோடு வளர்ந்தவள்தான். அன்று எனக்கு வாதாட நேரம் இல்லை. உன் இடுப்பைப் பிடித்துக் கீழே இழுத்தேன், எல்லோருமாக மண்ணில் சரிந்தோம். உன் இரண்டு காலையும் தூக்கி என் தோளில் போட்டுக்கொண்டேன். உன் ஷூவின் அடியில் ஒட்டியிருந்த மண் என் கழுத்துக்குள் கொட்டியது. உன் நைனா "வேணாம், வேணாம்" என்று தலையில் அடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கொஞ்ச நேரத்தில் உன் உதட்டுக்கு நிறம் வந்தது. கண்ணைத் திறந்ததும் நீ கேட்ட முதல் வார்த்தை, "டைம் இன்னாடா?" சரவணன் மூக்கைத் துடைத்துக்கொண்டே, "ம்ம், எமன் கைல வாச்சு கட்டிக்கினு நின்னான், அவனக் கேளு" என்றான். எல்லோரும் சிரித்தீர்கள். எனக்கு இன்னும் அந்தச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் டாக்டர் ஈசிஜி எடுத்தார், எக்கோ எடுத்தார், இதயம் நன்றாக இருக்கிறது என்றார். "வேகமா ஓடிட்டு டக்குனு நின்னா சிலருக்கு இப்படி ஆகும்ப்பா. வெயில் வேற, தண்ணி வேற குடிக்கல. அது சரி, பவுடர், மாத்திர எதுனா எடுக்கறியா?" என்று கேட்டார். நான் உன்னைப் பார்த்தேன். நீ ஃபேனைப் பார்த்தாய். திரும்பி வரும்போது பஸ்ஸில்தான் சொன்னாய்: "ஜிம்முல குடுத்தாங்கம்மா. ஓடறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கூப்பு. நரம்பெல்லாம் தொறந்துக்கும், ரத்தம் சும்மா ஜிவ்வுனு ஏறும். எல்லாரும்தாம்மா போட்டுக்கினு ஓடறானுங்க." தேர்வு அன்றைக்குப் போடமாட்டாயே என்று கேட்டேன். "பாக்கலாம்மா" என்றாய். இதோ, இன்றுவரைக்கும் உன்னிடமிருந்து எனக்குக் கிடைத்த பதில் அந்த "பாக்கலாம்" ஒன்றுதான்.

நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. விலங்கியலில் ஒரு டிகிரி, முதலுதவிப் பயிற்சிச் சான்றிதழ் ஒன்று, அவ்வளவுதான். கெமிக்கல் கம்பெனியில் உயரத்தில் ஏறி வேலை செய்யப் போகிறவர்களுக்கு ஏறுவதற்கு முன்னால் பிரஷர் பார்க்கிறவள். ஒரு நாள் ஒருவர் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றை ஏற்றிய நேரத்தில் மேனேஜர் போன் செய்துவிட்டார். பேசிக்கொண்டே காற்றை இறக்க மறந்துவிட்டேன். "மேடம், கை மரத்துப் போவுது" என்று அவர் சொன்ன பிறகுதான் இறக்கினேன். வெளுத்துப் போயிருந்த உள்ளங்கை, பட்டை தளர்ந்ததும் மற்றக் கையைவிடச் சிவந்தது. சூடாகவும் இருந்தது. கல்லூரியில் நான் மனப்பாடம் செய்து எழுதிய விஷயம் என் விரலுக்கடியில் நடந்துகொண்டிருந்தது. நீயும் அதைப் பார்த்திருக்கிறாய். ஒன்றாம் வகுப்பில் பூப்பொட்டலத்து ரப்பர் பேண்டைச் சுண்டுவிரலில் சுற்றிக்கொண்டு, விரல் கறுத்ததும் பயந்து அலறிக்கொண்டு வந்தாயே. நான் அதை அறுத்து எடுத்ததும் அழுகையை நிறுத்திவிட்டு, "மா, வெரலு சூடாவுது, பாரேன்" என்று ஆச்சரியப்பட்டாய். அந்த விரல் பட்டினி கிடந்தது. பட்டினி கிடந்தபோதே தன் வாசல்களைத் தானே திறந்து வைத்துக்கொண்டது. தடை போனதும் இரத்தம் நிறைந்து வந்தது.

நீ ஓடும்போது உன் தொடையில் நடப்பதும் அதுதான். தசை வேலை செய்யச் செய்ய அதில் ஆக்சிஜன் குறைகிறது. கரியமில வாயு, அமிலம், பொட்டாசியம் போன்றவை சேருகின்றன. தசைக்குள் ஓடுகிற சின்னஞ்சிறு தமனிகளின் சுவரிலும் ஒரு மெல்லிய தசை உண்டு. வழியை இறுக்கிப் பிடித்து வைத்திருப்பது அதுதான். இவையெல்லாம் அதைத் தொட்டதும் அது பிடியைத் தளர்த்துகிறது, வழி அகலமாகிறது. இரத்தம் வேகமாகப் பாய்கிறபோது அந்த உரசலை உணர்ந்து குழாயின் உள்தோலே நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை உண்டாக்கி இன்னும் கொஞ்சம் தளர்த்துகிறது. உன் பவுடர் டப்பாவின்மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கிறதே, அதே பெயர்தான். உன் உடம்பு அதைக் காசில்லாமல், தேவைப்படும் இடத்தில், தேவைப்படும் அளவுக்குச் செய்துகொள்கிறது. வேலை செய்யும் தசைக்குக் கிடைக்கிறது, சும்மா இருக்கும் தசைக்குக் கிடைப்பதில்லை.

இதில் நீ மறந்துவிடுகிற இன்னொரு பாதி இருக்கிறது. நாம் முன்னே குடியிருந்த லைன் வீடு நினைவிருக்கிறதா? ஆறு குடித்தனத்துக்கு மேலே ஒரே தொட்டி, கடைசி வீடு நம்முடையது. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் நம் குழாய் காற்றைத்தான் துப்பும். ஒரு நாள் தலை நிறைய சோப்புப் போட்டுக்கொண்டு நீ கண்ணை மூடிக்கொண்டு கத்தினாய். உன் நைனா துண்டோடு வாசலில் நின்று, "யாரு ஊட்லப்பா அது, எல்லாக் கொழாயையும் தொறந்து வுட்டுக்கினு? புள்ள சோப்போட நிக்குது!" என்று கூவினார். முதல் வீட்டு அக்கா, "இன்னாண்ணா பேஜாரு பண்ற, நாங்க மட்டும் குளிக்க வாணாவா?" என்று பதிலுக்குக் கூவினாள். கடைசியில் அவள் தன் குழாயை மூடியதும்தான் உன் தலையில் தண்ணீர் விழுந்தது. உடம்பிலும் ஒரே தொட்டிதான், தினேஷ். எல்லா வாசலையும் ஒரே சமயத்தில் திறந்தால் நிரப்புகிற அளவு இரத்தம் நம்மிடம் கிடையாது. அதனால் தொடை திறக்கிறபோது மூளை நரம்புகள் வழியாகக் குடலையும் சிறுநீரகத்தையும் இறுக்கி மூடுகிறது. ஓடுகிற தசையைக்கூட ஓர் அளவுக்குமேல் திறக்கவிடாமல் பிடித்து வைக்கிறது. கடைசி வீடு தலைதான். அங்கே தண்ணீர் நின்றால் சோப்போடு கத்துவதற்குக்கூட ஆள் இருக்காது.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பார். உலைச் சூட்டில் நின்றவன் நீ. உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் இரத்தம் போய்க்கொண்டிருந்தது. வியர்த்து வியர்த்துத் தொட்டியே பாதி இறங்கியிருந்தது. அதற்குமேல் அந்தப் பவுடர். அதில் என்ன இருக்கிறது என்று விற்றவனுக்கே தெரியுமோ என்னவோ. பிறகு நான் போன் செய்து கேட்டபோது டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: சிலது வாசலைத் திறக்கும், சிலது இதயத்தை விரட்டும், இரண்டையும் கலந்து குடித்துவிட்டு வெயிலில் ஓடுவது விளையாட்டு இல்லை. அப்படி இருந்தும் ஓடிக்கொண்டிருந்தவரை நீ விழவில்லை. ஏன் தெரியுமா? ஒவ்வொரு அடிக்கும் உன் கெண்டைக்கால் சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டிருந்தது. சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அதைக் கீழே இறங்கவிடாமல் தாங்கின. இதயத்துக்குக் கீழே இரண்டு மோட்டார் ஓடிக்கொண்டிருந்தன என்று வைத்துக்கொள். கோட்டைத் தாண்டி நேரம் கேட்க நின்றாயே, அந்த நொடியில் இரண்டு மோட்டாரும் நின்றுவிட்டன. தொடையின் வாசல்கள் உடனே மூடிக்கொள்வதில்லை, அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். இரத்தம் காலில் இறங்கித் தங்கிவிட்டது. இதயம் துடித்தது, தள்ளுவதற்கு உள்ளே போதுமான இரத்தம் இல்லை. தலைக்குப் போகவில்லை. உடம்பு உன்னைக் கீழே தள்ளியது, தலையையும் இதயத்தையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவருவதற்கு. நாங்கள் உன்னைத் தூக்கி நிற்க வைத்தோம். கை இழுத்ததற்குக் காரணம் அதுதான் என்று டாக்டர் சொன்னார். ஃபிட்ஸ் இல்லை. மூளை இரத்தம் கேட்டது, நாங்கள் சாவிக்கொத்தைக் கொடுத்தோம்.

உன் நைனாமேல் உனக்கு வருத்தம் இருக்கக் கூடாது. அவருக்குப் புத்தி போதாமல் அப்படிச் செய்யவில்லை. நீ பிறப்பதற்கு முன்பே நெடுஞ்சாலையில் பைக்கில் போய் இறந்துபோன உன் சித்தப்பாவைப் பற்றி அவர் உன்னிடம் பேசியதே இல்லை. என்னிடமும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகுதான் பேசினார். சோற்றைப் பிசைந்துகொண்டே, "ரோட்டோரத்துல அவன நீட்டிப் போட்டு வெச்சிக்கினு இருந்தாங்க. நான் போயி தூக்கி உக்கார வெச்சேன். உக்காரவே மாட்டேன்னுட்டான். அதான், இவனயும் தரையில பாத்ததும்..." என்றார். பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து கை கழுவினார். பயந்தவர்கள் கை எதையாவது செய்யத் துடிக்கும். தூக்கி நிறுத்தும், அல்லது டப்பாவைத் தூக்கிச் சாக்கடையில் கொட்டும். நான் அதைக் கொட்டுவதற்குக் கையில் எடுத்துக்கொண்டு பின்பக்கம் வரை போனேன் என்று உன்னிடம் சொல்லிவிடுகிறேன். கொட்டினால் நீ இன்னொன்று வாங்கிக்கொள்வாய், என்னிடம் சொல்வதை மட்டும் நிறுத்திவிடுவாய். அந்த யோசனை என்னை இன்னும் பயமுறுத்தியது. திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டேன்.

அந்த நாளிலிருந்து நான் சரியாக இல்லை. வேலையில் பிரஷர் பார்க்க நீட்டுகிற கையெல்லாம் உன் கையாகத் தெரிகிறது. அளவு பார்த்து முடிப்பதற்குள் எனக்கு வியர்க்கிறது. நேற்று ஒரு பையன், "இன்னாக்கா, எனக்கு பாக்கறியா, ஒனக்கு பாத்துக்கறியா?" என்று கேட்டான். சாயங்காலம் மைதானத்துப் பக்கம் விசில் சத்தம் கேட்டால் அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வந்து நிற்கிறேன். உன்னை ஓட வேண்டாம் என்று சொல்லச் சொல்கிறது இந்தப் பயம். நான் சொல்லமாட்டேன். உலைக்குப் பக்கத்திலிருந்து நீ வெளியே வர வேண்டும் என்று ஆசைப்பட்டவள் நான்தானே. காக்கிச் சட்டைக்கு அளவு கொடுக்கப்போகிறவன் மாதிரி கண்ணாடி முன்னால் நீ தோளை விரித்து நிற்பதைக் கதவிடுக்கில் பார்த்துச் சிரித்தவளும் நான்தான்.

அதனால் நான் கேட்பது கொஞ்சம்தான். புதன்கிழமை வேலைக்குப் போகாதே. ஒரு நாள் உலைச்சூடு படாமல் இரு. தண்ணீர் குடி, தாகம் எடுக்கும்வரை காத்திருக்காதே. சித்தி பாசத்தில் பிரியாணி வைத்தால் ஓட்டம் முடிந்த பிறகு வந்து சாப்பிடுகிறேன் என்று சொல். குடலும் தொடையும் ஒரே தொட்டிக்கு அடித்துக்கொள்ள வேண்டாம். ஓடுவதற்கு முன் மெதுவாக நடந்து, மெதுவாக ஓடி, வாசல்களுக்குத் திறக்க நேரம் கொடு. அந்தப் பவுடர் போடாதே. நீ இத்தனை மாதம் வெயிலிலும் மழையிலும் ஓடிய ஓட்டத்தில் உன் தொடையில் புதிதாக நுண்குழாய்கள் முளைத்திருக்கும், பழைய குழாய்கள் நன்றாகத் திறக்கப் பழகியிருக்கும். அதை எந்த டப்பாவும் கொடுக்கவில்லை, நீ சம்பாதித்தது. தலை சுற்றினால் மானம் பார்க்காமல் கீழே படுத்துவிடு. யாராவது தூக்க வந்தால், "கால மட்டும் தூக்குங்க" என்று சொல். பேச்சு வராவிட்டால் சரவணன் சொல்வான். அவனும் அதே அணியில்தான் ஓடுகிறான். உன் நைனா நேற்று ரயில்வே ஸ்டேஷனில் அவனைப் பிடித்து நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்: "டேய், இவன் உழுந்துட்டான்னு வையி, ஆளத் தூக்காத. காலத் தூக்கு. எவன் இன்னா சொன்னாலும் கேக்காத. நானே வந்து சொன்னாலும் கேக்காத." சரவணன், "நீயே சொன்னாலுமா நைனா?" என்று சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. "நாந்தான்டா மொதல்ல சொல்லுவேன், அதான் சொல்றேன்" என்றார்.

படித்த பிறகு இந்தக் கடிதத்தை சரவணனிடம் கொடு. அந்த மைதானத்தில் ஓடுகிற எந்தப் பிள்ளை வேண்டுமானாலும் படிக்கட்டும், அவர்கள் வீட்டிலும் படிக்கட்டும். கோட்டைத் தாண்டியதும் எல்லாப் பிள்ளைகளும்தான் நின்று நேரம் கேட்கிறார்கள். ஒவ்வொருவனுக்கும் தூக்கி நிறுத்த ஓடி வருகிற ஒரு நைனா இருப்பார்.

டப்பாவை உன் பயணப் பையின்மேல் வைத்திருக்கிறேன், அதற்கடியில் இந்தக் கடிதம் இருக்கும். எதை எடுத்துப் பைக்குள் வைப்பாய் என்று நான் எட்டிப் பார்க்கமாட்டேன். வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் நானும் நைனாவும் திருவள்ளூர் வந்துவிடுவோம். உள்ளே விடமாட்டார்கள், தெரியும். சுவருக்கு வெளியே மற்றப் பிள்ளைகளின் அம்மாக்களோடு நிற்போம். உள்ளே நடப்பது எதுவும் தெரியாது, விசில் சத்தம் மட்டும் கேட்கும். நீ கோட்டைத் தாண்டியதும் நின்றுவிடாதே, தினேஷ். நேரம் என்ன என்று நடந்துகொண்டே கேள். மூச்சு அடங்கும்வரை, கால் தன் வாசல்களை மெல்ல மூடிக்கொள்ளும்வரை நட. கடைசி விசில் கேட்டதும் நானும் வெளியே சுவரோரமாக நடக்கத் தொடங்கிவிடுவேன். அந்தப் பக்கம் நீ நடந்துகொண்டிருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டுதான் நடப்பேன். கேட்டைத் திறந்துகொண்டு நீ வெளியே வரும்வரை நான் நிற்கமாட்டேன்.

அம்மா